ஊவாத் தோட்டங்களில் நத்தார்

பண்டிகையொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் வழக்கமாக ஆலயங்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். கோபுரம் எப்போது எழுந்தது, மணி எங்கிருந்து வந்தது, எந்தக் குருவானவர் எத்தனை ஆண்டு பணியாற்றினார் என்ற விபரங்கள் ஏடுகளில் பதிவாகியுள்ளன. அவற்றைத் திரட்டுவது கடினமன்று. ஆனால் அப்பண்டிகையைக் கொண்டாடிய மக்கள் அன்று எதை உண்டனர், எதை உடுத்தனர், எத்தனை கல் தொலைவு நடந்தனர், எதனால் மகிழ்ந்தனர் என்பவற்றை ஏடுகளில் தேடினால் காண்பது அரிது. அவை மக்களின் நினைவிலேதான் வாழ்கின்றன. நினைவுடையோர் மறையும்போது தாமும் மறைகின்றன. பதுளையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களிலும் நத்தார்ப் பண்டிகை கொண்டாடப்பட்ட விதத்தை இங்கு ஆராய முற்படுவதற்கு இதுவே முதற் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்பண்டிகையைப் பற்றிப் பேசுவோருள் இரு சாராரை நாம் காண்கிறோம். ஒரு சாரார், கடைத்தெருவும் விளம்பரமும் நத்தாரை விழுங்கிவிட்ட இந்நாளில், பழைய காலத்து எளிமையை எண்ணிப் பெருமூச்சு விடுகின்றனர். மற்றொரு சாரார் எமது முகாமையே சேர்ந்த நண்பர்கள். மதப் பண்டிகை என்ற அளவிலேயே அதனை மயக்கம் என ஒதுக்கி, உழைக்கும் மக்கள் அதிலே கண்ட இன்பத்தை ஆராயத் தகாத பொருளாகக் கருதுகின்றனர். முன்னவர் மகிழ்ச்சியைக் கண்டு வறுமையை மறந்தனர். பின்னவர் வறுமையைக் கண்டு மகிழ்ச்சியை மறுத்தனர். மக்களின் பண்பாட்டு வரலாற்றை எழுத விரும்புவோர் இரண்டையும் ஒருங்கே நோக்க வேண்டியவராவர்.

'நத்தார்' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டார் கிறிஸ்துமஸ் என வழங்குவதை ஈழத்தில் நத்தார் என்கிறோம். சிங்கள மக்கள் நத்தல் என்கின்றனர். இரண்டும் போர்த்துக்கேய மொழியில் பிறப்பு விழாவைக் குறிக்கும் நட்டால் என்ற சொல்லின் வழிவந்தவை. அச்சொல்லைக் கொண்டுவந்தவர்கள் ஊவாவுக்கும் வந்தார்கள். ஆனால் நத்தார்ப் பாடலோடு வரவில்லை. 1630ஆம் ஆண்டு கொன்ஸ்தந்தீனு டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதி பெரும் படையோடு பதுளையை அடைந்து அந்நகரைச் சூறையாடினான். திரும்பும் வழியில், வெல்லவாயைக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவில், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் கண்டியரசின் படை அவனைச் சூழ்ந்து வீழ்த்தியது. அவர்களுடைய ஆட்சி ஊவாவில் வேரூன்றவில்லை. அவர்களுடைய சொல் மட்டும் இத்தீவின் இரு மொழிகளிலும் தங்கிவிட்டது. இரு நூற்றாண்டுகளின் பின் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த கிறிஸ்தவத் தொழிலாளரும் காலப்போக்கில் அச்சொல்லைத் தமதாக்கிக் கொண்டனர். இம்மண்ணுக்கு உரியவர்களா அவர்கள் என்று சட்டம் பின்னர் ஐயுற்றது. அவர்களுடைய நாவோ இத்தீவின் சொல்லை நெடுநாளைக்கு முன்பே ஏற்றிருந்தது.

தோட்டங்கள் தோன்றிய வரலாறு நாம் அறிந்ததே. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் கொடுமையாக அடக்கினர். ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. 1840இல் இயற்றப்பட்ட 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய நிலமென்றது. அந்நிலம் மலிந்த விலைக்குக் கோப்பித் தோட்டக்காரரின் கைக்கு மாறியது. சிங்களக் குடியானவனின் சேனை நிலமும் மேய்ச்சல் நிலமும் பறிபோன அதே காலத்தில், தென்னிந்திய வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் தமிழ் உழவனை மன்னார்க் கடலைக் கடக்க வைத்தன. ஒருவன் நிலத்தை இழந்தான். மற்றவன் அந்நிலத்திலே உழைக்க வந்தான். இருவரையும் அந்நிலைக்குத் தள்ளிய கை ஒன்றே.

இன்று உலகெங்கும் நாம் காணும் நத்தாரின் தோற்றமும் ஏறக்குறைய இதே காலத்தது என்பது கவனிக்கத் தக்கது. அலங்கரித்த மரம் இங்கிலாந்தின் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் புகுந்தது 1840களில். அச்சிட்ட முதல் வாழ்த்து அட்டை 1843இல் வெளிவந்தது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய நத்தார்க் கதை வெளிவந்ததும் அதே 1843இல்தான். தன் எழுத்தனுக்கு ஒரு நாள் விடுமுறையைச் சம்பளத்தோடு கொடுக்க மனம் பொருந்தாத முதலாளியே அக்கதையின் நாயகன் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விடுமுறை என்பது இயற்கையாகக் கிடைத்த கொடையன்று. ஆலைத் தொழில் பரவிய நாடுகளில் அது கேட்டுப் பெறவேண்டிய உரிமையாகவே இருந்தது. இங்கிலாந்தில் டிசம்பர் 26ஆம் நாள் சட்டபூர்வமான வங்கி விடுமுறையானது 1871இலேயே. அந்நாட்டின் இல்லங்களில் குழந்தைகளின் நத்தார் உருவாகிக் கொண்டிருந்த வேளையில், அவ்வில்லங்களின் மேசைக்குக் கோப்பியும் பின்னர் தேயிலையும் அனுப்பிய மலைகளில் குழந்தைகளின் நிலை என்னவாக இருந்தது? இக்கேள்வியை அந்நாளைய நத்தார் இலக்கியம் எழுப்பவில்லை.

பதுளை நகரின் நடுவே 1857இல் திறக்கப்பட்ட புனித மாற்கு ஆலயம் இன்றும் நிற்கிறது. அது மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் பதுளையில் நிர்வாக அதிகாரியாக இருந்து தெருக்கள் அமைத்தவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர். தெருவமைத்த அதிகாரியின் பெயர் கல்லிலே நிற்கிறது. அத்தெருவுக்குக் கல்லுடைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. நாம் ஆராயும் நத்தார், பெயரில்லாத இந்த மனிதர்களின் நத்தார்.

அவர்களிடையே கிறிஸ்தவம் பல வழியாக வந்து சேர்ந்தது. திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து வந்தோருட் சிலர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். 1850களின் நடுப்பகுதியில் ஆங்கிலிக்கத் திருச்சபையினர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனி மிஷன் ஒன்றைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. ஆன்மாவைத் தேடிச் சென்றவர்களும் மனிதனைக் கூலி என்றே அழைத்தனர் என்பதற்கு இப்பெயரே சான்று. தோட்டத் துரைமார் அதற்குச் சந்தா கொடுத்தனர். திருநெல்வேலிச் சபைகள் உபதேசியார்களை அனுப்பின. 1880களில் வெஸ்லியன் மிஷனாரிமார் ஊவாவில் பள்ளிகளும் மருத்துவப் பணியும் தொடங்கினர். கத்தோலிக்கரைக் கண்டி மறைமாவட்டத்துப் பெனடிக்டைன் குருமார் கவனித்தனர். ஆயினும் தோட்ட மக்களிற் பெரும்பான்மையோர் சைவ வைணவ, சிறுதெய்வ வழிபாட்டினராகவே இருந்தனர். ஒரு தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. இந்தச் சிறுபான்மை நிலையே ஊவாத் தோட்டத்து நத்தாருக்கு அதன் தனித்தன்மையைக் கொடுத்தது என்பது எமது கருத்து.

அதனை விளக்குமுன் பருவத்தையும் உழைப்பையும் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தருவது ஆடி, ஆவணி மாதங்களின் வறண்ட காற்று. டிசம்பர் மாதமோ வடகீழ்ப் பருவமழைக்கு உரியது. நமுனுகுல மலை நாட்கணக்கில் முகிலுள் மறைந்திருக்கும். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கங்களில் ஓடைகள் பெருகிப் பாலங்களைத் தொடும். பெண்கள் நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிப்பர். லயத்துக் காம்பராவின் ஈரச் சுவர் காயாது. ஈர விறகு புகையும். அந்தப் புகையிலேதான் நத்தார்ப் பலகாரம் வெந்தது.

கூலியின் அளவையும் நோக்குவோம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கும் கூலி விகிதம் வகுத்த சட்டம் அது. பள்ளி விடுமுறை என்றால் என்ன பொருள் என்பதை இவ்வெண் எமக்கு உணர்த்தும். நகரத்துப் பிள்ளைக்கு டிசம்பர் விடுமுறை என்றால் உறவினர் வீடு, உல்லாசப் பயணம், விளையாட்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு அது விறகு பொறுக்கவும், மாட்டுக்குப் புல்லறுக்கவும், தாய் மலையிலிருந்து வரும்வரை கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கவும் கிடைத்த காலம். பத்து வயதைத் தாண்டியவனுக்குப் பிரட்டுக்களத்திலே பேர் விழும் காலம். ஆகவே நத்தார் விடுமுறை என்று நாம் கூறுவது உண்மையில் ஓர் இரவும் ஒரு பகலுமே. அந்த ஓர் இரவையும் ஒரு பகலையும் பிள்ளைகள் ஒரு மாதம் எதிர்பார்த்தனர், ஓர் ஆண்டு நினைத்திருந்தனர்.

அவர்கள் எதிர்பார்த்தது எதனை? தோட்டங்களில் வளர்ந்த எமது தலைமுறையினரை இன்று கேட்டால், பெறப்பட்ட பொருளைப் பற்றி அவர்கள் அதிகம் கூறுவதில்லை. ஒரு சட்டைத் துணி, ஒரு முழப் பூ, கைநிறைய முறுக்கு. பொருட்பட்டியல் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் செய்தவற்றைப் பற்றிக் கேட்டால் பேச்சு ஓயாது. பத்தனையில் மானாப்புல் அறுத்து வந்து குடில் வேய்ந்ததையும், ஓடையோரப் பாறையில் பாசியை உரித்துக் குடிலுக்குத் தரைவிரித்ததையும், களிமண்ணில் மாடும் ஆடும் பிடித்து அடுப்பருகே உலர்த்தியதையும், மூங்கிற் சிம்பும் எண்ணெய்க் காகிதமும் கொண்டு நட்சத்திரக் கூடு கட்டியதையும், அதனுள்ளே வைத்த விளக்குக் காற்றில் அணையாதிருக்கக் கையால் மறைத்து நின்றதையும் விரிவாகக் கூறுவர். கடையில் வாங்கிய பொம்மையை உடையும்வரை வைத்திருக்கலாம். கையாற் செய்த களிமண் மாட்டைச் செய்தவன் எழுபது வயதிலும் வைத்திருக்கிறான்.

இங்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறோம். எளிமை வேறு, வறுமை வேறு. உள்ளவன் தேவையற்றதை விலக்குவது எளிமை. இல்லாதவனுக்குத் தேவையானதும் கிடையாதிருப்பது வறுமை. தோட்டத்துப் பிள்ளை களிமண்ணில் பொம்மை செய்தது எளிமையை விரும்பியன்று. ஆனால் அவன் அதிலே கண்ட இன்பம் பொய்யுமன்று. நாள் முழுவதும் பிறர்க்கென உழைக்கும் கை, ஒரு நாள் தனக்கும் தன் கூட்டத்துக்குமென ஒன்றைப் படைத்தது. தேயிலையைப் பறித்த கைக்கு அத்தேயிலையில் உரிமை இல்லை. குடிலை வேய்ந்த கைக்கு அக்குடில் சொந்தம். உழைப்பாளிக்குத் தன் உழைப்பின் பயன் அந்நியமாவதைப் பற்றி நாம் நூல்களில் படிக்கிறோம். அது அந்நியமாகாதபோது மனிதன் அடையும் மகிழ்ச்சியை அந்தச் சிறு குடிலருகே காணலாம்.

இனிப் பாட்டுப் பவனிக்கு வருவோம். நத்தாருக்கு முன்னைய இரவுகளில் உபதேசியாரின் தலைமையில் ஒரு கூட்டம் லயம் லயமாகச் செல்லும். தாளமும் கஞ்சிராவும் உண்டு. வாய்ப்பிருந்தால் ஆர்மோனியமும் உண்டு. பாடியவை ஆங்கிலப் பாட்டின் மொழிபெயர்ப்புகள் மட்டுமல்ல. தஞ்சையிலே வாழ்ந்து 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியார் முதலியோர் கருநாடக இராகங்களில் இயற்றிய கீர்த்தனைகள் திருநெல்வேலி வழியாகத் தோட்டங்களுக்கும் வந்திருந்தன. அவற்றோடு தோட்ட மக்கள் தம் கும்மி மெட்டையும் தாலாட்டு மெட்டையும் சேர்த்துக் கொண்டனர். கிறிஸ்தவர் சிலரே ஆதலால், அவர்கள் மட்டும் பாடினால் பவனி பவனியாக இராது. அயற் காம்பராப் பிள்ளைகள் யாவரும் பந்தம் பிடித்து உடன் வந்தனர். கார்த்திகைத் தீபம் ஏற்றிய இஸ்தோப்பிலேயே நட்சத்திர விளக்கும் தொங்கிற்று. காமன் கூத்தில் ரதியாக ஆடியவன் நத்தார் நாடகத்தில் மூன்று ஞானியருள் ஒருவனானான். மாரியம்மன் திருவிழாவுக்குக் கிறிஸ்தவக் குடும்பம் வரி கொடுத்தது. நத்தார்ப் பலகாரத் தட்டு எல்லாக் காம்பராவுக்கும் சென்றது. மதங்களின் ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுவோர் அறியாத நடைமுறையொன்று, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களுக்கிடையே இயல்பாக வளர்ந்திருந்தது.

இதனைப் பொன்மயமாகத் தீட்டிவிடவும் கூடாது. சாதி வேற்றுமை கோயிலிலும் இருந்தது, ஆலயத்திலும் இருந்தது. பலகாரத் தட்டு எல்லா வாசலிலும் ஒரே விதமாக ஏற்கப்பட்டதென்று கூறுவது வரலாறாகாது. பண்டிகைச் செலவுக்குத் தோட்டம் கொடுத்த முற்பணம், பண்டிகை முடிந்தபின் மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஒரு நாள் மகிழ்ச்சிக்குப் பல மாதக் கடன். சில தோட்டங்களில் துரை தன் பங்களா முன்றிலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மிட்டாய் வழங்கினார். பாடச் சென்ற கூட்டம் படிக்குக் கீழே நின்று பாடிற்று. அப்புத்தளையில் 1931இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் ஆங்கிலக் கிராமத்து மாளிகையைப் போலவே கருங்கல்லில் 'அடிஷாம்' இல்லத்தைக் கட்டி முடித்தார். அது உலகப் பொருளாதார மந்தத்தின் காலம். தேயிலை விலை வீழ்ந்தபோது அடுத்து வந்த ஆண்டுகளில் தொழிலாளரின் கூலியே முதலில் வெட்டப்பட்டது. அந்த இல்லம் பின்னர் பெனடிக்டைன் துறவிகளின் மடமானது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பாட்டுப் பவனியில் இன்னொரு பொருளும் அடங்கியிருந்தது. தோட்டம் என்பது அந்நாளில் ஓர் அடைத்த உலகம். அத்துமீறல் சட்டம் அதன் வேலியாக இருந்தது. தொழிற்சங்கம் பேச வந்தவன் எல்லையில் நிறுத்தப்பட்டான். மீறியவன் நீதிமன்றுக்கு இழுக்கப்பட்டான். உபதேசியாருக்குத் திறந்த வாயில் தொழிற்சங்கக்காரருக்குத் திறக்கவில்லை. மதத்தைத் துரைமார் ஏன் ஆதரித்தனர் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் ஆதரித்தவர்கள் எதிர்பாராத ஒரு விளைவும் இருந்தது. கூலிப் பதிவேட்டிலே தனித்தனிப் பேராக இருந்தவர்கள் பாட்டிலே ஒரு கூட்டமாயினர். பிரட்டுக்களத்தில் தலை குனிந்து நின்றவர்கள், கோயில் திருவிழாவிலும் கூத்திலும் நத்தார்ப் பவனியிலும் தாமே கூடித் தாமே ஒழுங்கு செய்து தாமே தலைவரைத் தெரிந்தனர். 1940ஆம் ஆண்டு பதுளைக்கு அருகே வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்குள் ஒரு குழுவைத் தெரிந்து, அக்குழுவைக் கலந்தே தோட்டம் நடைபெறவேண்டுமென நிலைநாட்டினர். சமசமாஜத் தலைவர்களின் வழிகாட்டல் அதற்கு இருந்தது. ஆனால் கூடிச் செயற்படும் பழக்கத்தை அம்மக்கள் அன்றுதான் கற்றனர் என்று நாம் எண்ணவில்லை. அப்பழக்கத்தின் வேர்களுள் ஒன்று விழாக்களிலும் இருந்தது.

நத்தார்க் கதையை அம்மக்கள் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதே எமது ஆராய்ச்சியின் நடுநாயகமான பகுதி. அக்கதை ஒரு பதிவிலே தொடங்குகிறது. பேரரசன் குடிமக்களை எண்ணும்படி கட்டளையிடுகிறான். ஒரு தச்சனும் நிறைமாதக் கர்ப்பிணியான அவன் மனைவியும் தம் பேரைப் பதிவதற்காக நெடுந்தூரம் நடக்கின்றனர். சத்திரத்தில் இடமில்லை. குழந்தை தொழுவத்தில் பிறக்கிறது. பின்னர் அரசன் கொல்லத் தேடுவதால் குடும்பம் அயல்நாட்டுக்கு ஓடுகிறது. ஐரோப்பிய மேடைகளில் இது அழகிய பழங்கதை. ஊவாவின் தோட்டப் பள்ளிக்கூடத்தில், கம்பளியைப் போர்த்த சிறுவன் யோசேப்பாக நின்று இடம் கேட்டு மறுக்கப்பட்டபோது, பார்த்திருந்தோருக்கு அது பழங்கதையாக இருந்திராது.

ஏனெனில் அவர்களும் பதிவுக்காக அலைந்தவர்களே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய வாக்குரிமை, அடுத்த தேர்தலில் அவர்களிடம் இல்லை. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. பிறப்புச் சான்றிதழ் எங்கே, தொடர்ந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி எங்கே என்ற கேள்விகளுக்கு, லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவன் எதைக் காட்டுவான்?

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதரை இரு அரசுகள் பங்கிட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்றனர். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. அவ்வாண்டு நத்தாருக்கு மூன்று நாட்களே இருந்தபோது, டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் பயணிகளோடு கடலுள் மூழ்கிற்று. 1914 முதல் தலைமன்னாரையும் தமிழ்நாட்டையும் இணைத்த துறைமுகம் ஒரே இரவில் இல்லாது போயிற்று. போகச் சொன்ன ஒப்பந்தமும் போகும் வழியை அழித்த புயலும் இரண்டு மாத இடைவெளியில் வந்த அந்த நத்தாரை, மலைநாட்டு மக்கள் எந்த மனநிலையோடு கழித்திருப்பர் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

கப்பல் பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிற்று. 1924இல் பதுளையை எட்டிய ரயில்பாதை, தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கென அமைந்தது; 1960களின் பிற்பகுதியிலிருந்து அதே பாதை மனிதரை இறக்கிற்று. பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சி புறப்படும்போது எழுந்த அழுகுரலை அக்காலத்தவர் இன்றும் மறக்கவில்லை. ஒரே லயத்தில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவன் இந்தியப் பங்கு, மற்றவன் இலங்கைப் பங்கு. பவனியில் தாளம் போட்டவன் போய்விட்டான். நட்சத்திரம் கட்டத் தெரிந்தவன் போய்விட்டான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அவர்கள் மீண்டும் குளிர் மலைகளைத் தேடிக் குடியேறினர். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்றழைத்தனர். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். சத்திரத்தில் இடமில்லை என்ற சொல்லை அவர்கள் இரு நாட்டிலும் கேட்டனர்.

எஞ்சியோரின் நத்தாரும் இலகுவானதாக இல்லை. 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களே நாட்டின் வார விடுமுறையாக இருந்தன. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உலர்ந்த பழமும் மாவும் அரிதாயின. நகரத்தார் கேக் செய்ய முடியாது வருந்தினர். 1973-74இல் தோட்டத்தார் பட்டினியால் மடிந்தனர். எளிமையை வாழ்த்துவோர் இந்த ஆண்டுகளையும் நினைவிற் கொள்ளவேண்டும். பண்டம் இல்லாத நத்தாரிலும் மகிழ்ச்சி இருக்கலாம். உணவு இல்லாத நத்தாரில் மகிழ்ச்சிக்கு இடமேது?

அதே காலத்தில் ஊவாவின் கிறிஸ்தவத்துள்ளும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, பழமையும் வசதியும் உடைய கண்டியை விட்டு, வறிய பதுளையைத் தாமே விரும்பி ஏற்றார். பண்டாரவளையில் அவர் நிறுவிய சேவக செவண, குருமாரும் பொதுநிலையினரும் மக்களோடு மக்களாய் வாழப் பயிலும் இடமாயிற்று. கீழ் ஊவாவில் புத்தளைக்கு அருகே அலுகல்லவிட்ட என்ற சிங்களக் கிராமத்தில் 1980 முதல் வாழ்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகள், மதம் மாற்ற முனையாது பௌத்த உழவர்களின் துயரில் பங்கு கொண்டார். அவர்களுடைய நிலத்துக்காகப் பேசினார். 1987 நவம்பர் 10ஆம் நாள் திருப்பலி நிறைவேற்றிக் கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலி மிஷன் என்ற பெயரிலிருந்து இதுவரை வந்த தொலைவு சிறிதன்று. தொழுவத்தில் பிறந்த குழந்தையின் கதையை அதன் சொந்தப் பொருளில் படித்த சிலர் எப்போதும் இருந்தனர் என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

1983 ஜூலையில் பதுளைக் கடைத்தெரு எரிந்தது. எரித்த கும்பலும் இருந்தது. அயலவரை ஒளித்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் முழு வடிவம் பெற்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், பாதுகாப்பான நிலம் தோட்ட மக்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அதன் பின்னரே 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் தொடங்கிற்று. இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன.

இன்றைய டிசம்பரில் மலைக்கு ஏறும் கோச்சி நிறைந்து வழிகிறது. கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் உழைக்கும் தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் பண்டிகைக்கு ஊர் திரும்புகின்றனர். கையில் பிளாஸ்டிக் நட்சத்திரமும் மின்விளக்குச் சரமும் உண்டு. இதைக் கண்டு பழைய எளிமை போயிற்றே என்று வருந்துவது எமக்கு உடன்பாடன்று. பாட்டன் அனுபவியாத மின்னொளியைப் பேரன் அனுபவிப்பது குற்றமன்று. நாம் வருந்தவேண்டியது வேறொன்றுக்கு. அந்த நட்சத்திரத்தை அவன் தனியே வாங்குகிறான். முன்னோர் கூடிக் கட்டினர். வாங்கும் வசதி பெருகும்போது கூடும் பழக்கம் குறைவது தவிர்க்க முடியாத விதியல்ல. அதனை விதியாக்குவது சந்தையே.

ஆசிரியர்களும் மாணவர்களுமான எமது வாசகர்கள் செய்யத்தக்க ஒரு பணி உண்டு. தோட்டங்களில் இன்னும் முதியோர் இருக்கின்றனர். அவர்கள் பாடிய மெட்டுகள், ஆடிய நாடகங்கள், வேய்ந்த குடில்கள், நடந்த வழிகள், யார் போனார், யார் இருந்தார் என்ற விபரங்கள் அவர்களோடு போய்விடாதவாறு கேட்டு எழுதி வைப்போம். அவர்கள் மகிழ்ச்சியை எழுதும்போது கூலியையும் எழுதுவோம். கூலியை எழுதும்போது மகிழ்ச்சியை விட்டுவிடாதிருப்போம். புல்லால் வேய்ந்த குடிலைப் பிள்ளைகள் விருப்பத்தோடு கட்டி விளையாடட்டும். வாழ்வதற்கு உறுதியான வீடும், அது நிற்கச் சொந்த நிலமும் அவர்களுக்கு வேண்டும்.